இருவுக்கும் இரிக்கும் நடுவில்

"அவள் வந்நில்லே? வந்நதின் எந்தினா அடிச்சே?"

என் மனைவி கேட்டது இவ்வளவுதான். வந்தாள் அல்லவா, வந்ததற்கு எதற்காக அடித்தாய் என்று. கார்த்திகை மாதத்து ஒரு சாயங்காலம், வாசல் கேட்டை ஒட்டி நின்று கேட்டாள். என் கையில் தோல் வார் இருந்தது. காலடியில் ஐந்து மாதக் குட்டி, வயிற்றைத் தரையோடு ஒட்டிக்கொண்டு கிடந்தது. இப்போது மாசி வந்துவிட்டது. அந்தக் கேள்வி இன்னும் என்னை விட்டுப் போகவில்லை. நாய்க்குட்டியைப் பழக்குவதைப் பற்றி எழுதலாம் என்று நாலு தடவை உட்கார்ந்தேன். நாலு தடவையும் அந்த கேட்டுப் பக்கத்தில்தான் வந்து நின்றேன். சரி, அங்கிருந்தே தொடங்குகிறேன்.

குட்டியின் பெயர் பொன்னி. மஞ்சள் லாப்ரடார். ஓணத்துக்கு முந்தின வாரம், எட்டு வாரம் முடிந்த கையோடு, பொள்ளாச்சியில் ஒரு நண்பர் வீட்டிலிருந்து கொண்டுவந்தோம். எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது என்று 2017இல் மத்திய அரசு விதி போட்டது. விதி ஒரு பக்கம் இருக்கட்டும். தாயோடும் கூடப் பிறந்ததுகளோடும் புரண்டு விளையாடி, எவ்வளவு அழுத்திக் கடித்தால் அடுத்தவருக்கு வலிக்கும் என்று ஒரு குட்டி தெரிந்துகொள்வது அந்த வாரங்களில்தான். எங்கள் வீடு கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், கொழிஞ்சாம்பாறையிலிருந்து வேலந்தாவளம் போகும் வழியில், தென்னந்தோப்புக்குள். அம்மா பேசுவது கொங்குத் தமிழ். மனைவி நெம்மாறைக்காரி, மலையாளம். மகள் இரண்டையும் ஒரே மூச்சில் பேசுவாள். நான் எதிரே நிற்பவரின் மொழியைப் பேசுவேன். சித்தூர் தாலுகாவில் இப்படி இல்லாத வீடுகள்தான் குறைவு. எங்களுக்கு அது ஒரு விஷயமாகவே பட்டதில்லை, பொன்னி வரும்வரை.

வேட்டையில்லாத ஊரில்

லாப்ரடார் என்றால் நம்மூரில் வீட்டு நாய், குழந்தைகளோடு விளையாடும் நாய், சீக்கிரம் குண்டாகிவிடும் நாய். அது ஒரு கன் டாக் என்பது, அதாவது துப்பாக்கிக்காரனோடு போய் வேலை செய்வதற்காகத் தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி எடுத்து வளர்க்கப்பட்ட இனம் என்பது, வளர்ப்பவர்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. எனக்கும் தெரியாமல்தான் இருந்தது. இதன் முன்னோர்கள் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து தீவில் மீனவர்களோடு இருந்தவை. வலையிலிருந்து நழுவிய மீனையும் கயிற்றையும் குளிர்ந்த தண்ணீரில் நீந்திப் போய் எடுத்து வந்தவை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரிட்டனுக்குக் கொண்டுபோய், சுடப்பட்ட பறவையைத் தேடி எடுத்து வரும் வேலைக்கு வளர்த்தார்கள். 1903இல், நாய் இனங்களைப் பதிவு செய்யும் அங்கத்திய கென்னல் கிளப் தனி இனமாக ஏற்றுக்கொண்டது. எடுத்து வருவதில்தான் எல்லாமே இருக்கிறது. கவ்விய பறவையின் தோல் கிழியக் கூடாது. அந்த மெத்தென்ற வாய் பொன்னிக்குப் பிறவியிலேயே இருந்தது. கோழி அடைக்குள் புகுந்து ஒரு முட்டையை வாயில் வைத்து உடையாமல் அடுப்படிக்குக் கொண்டுவந்தபோது அவளுக்கு மூன்று மாதம் ஆகவில்லை.

நம் நாட்டில் 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1991 திருத்தத்துக்குப் பிறகு உரிமம் வாங்கிக்கொண்டு வேட்டைக்குப் போகும் வழியும் அடைபட்டுவிட்டது. நல்லதுதான். ஒரு மயிலையோ கவுதாரியையோ சுட்டு விழுத்த எனக்கு ஒருநாளும் கை வராது. ஆனால் பொன்னிக்குச் சட்டம் தெரியாது. அவள் உடம்பில் அந்த வேலை இருக்கிறது. வேலை கிடைக்கவில்லை என்றால் செருப்பு, துடைப்பம், காயப்போட்ட துண்டு எல்லாவற்றையும் தூக்குவாள், தூக்கியதற்குத் திட்டு வாங்குவாள். அவள் எதற்காகப் பிறந்தாளோ அதையே குற்றம் என்று நாம் சொல்லிக்கொண்டிருந்தால் அந்த வீட்டில் யாருக்கும் நிம்மதி இருக்காது. அதனால்தான் துப்பாக்கி இல்லாத ஊரில் கன் டாக் பழக்கம் சொல்லிக் கொடுக்க முடிவு செய்தேன். பறவைக்குப் பதில் குரும்பை, அதாவது தென்னம்பிஞ்சு. எங்கள் தோப்பில் அதற்குப் பஞ்சமில்லை.

தெற்கே கரிசல் பக்கம் இருக்கும் சிப்பிப்பாறை, கன்னி நாய்களைப் பார்த்தவர்களுக்கு இது விசித்திரமாகத் தோன்றலாம். அவை கண்ணால் பார்த்துத் துரத்தும் நாய்கள். முயல் எழுந்து ஓடிவிட்டால் முடிவு எடுப்பது நாய், பின்னால் ஓடுவது மனிதன். கன் டாக் வேலை இதற்கு நேர் எதிர். குண்டு வெடிக்கும்போது அது அசையாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். விழுந்த இடத்தை மனதில் வாங்கிக்கொள்ள வேண்டும். தன் பெயரைச் சொன்ன பிறகுதான் கிளம்ப வேண்டும். லாப்ரடாருக்குப் பெரும்பாலும் பெயர்தான் கிளம்பும் உத்தரவு. இது தெரியாமல் முதல் மாதம் முழுக்க நாங்கள் எல்லோரும் பொன்னி பொன்னி என்று சும்மா கூப்பிட்டு அந்தப் பெயரைத் தேய்த்துவிட்டோம். அடிப்படைப் பாடம் என்று பார்த்தால் நாலே நாலுதான். உட்கார், அங்கேயே இரு, வா, கூடவே நட. மீதி எல்லாம் இந்த நாலின் மேல் கட்டுவது.

இரு, இரி

எங்கள் வீட்டில் சிக்கல் இரண்டாவதிலேயே வந்துவிட்டது.

உட்காரப் பழக்குவது சுலபம். சோற்றுக் கிண்ணத்தை அவள் மூக்குக்கு மேலே மெதுவாகத் தூக்கினால் தலை மேலே போகும், பின்பக்கம் தானாகத் தரையில் இறங்கும். இறங்கும் நொடியில் சொல்லைச் சொல்லிக் கிண்ணத்தை வைக்க வேண்டும். ஒரே ஒரு தடவை சொல்ல வேண்டும். மூன்று தடவை சொன்னால், மூன்றாவதுதான் நிஜம் என்று குட்டி கற்றுக்கொள்ளும். என் மனைவி காலையில் சோறு வைக்கும்போது "இரி" என்பாள். மலையாளத்தில் உட்கார் என்று அர்த்தம். நான் சாயங்காலம் "உக்காரு" என்பேன். இரண்டு சொல்லையும் ஒரு வாரத்தில் பிடித்துக்கொண்டாள். எனக்கு ஒரே பெருமை. அப்புறம் நான் அடுத்த பாடத்துக்குப் போனேன். உள்ளங்கையைக் காட்டி "இரு" என்று சொல்லி இரண்டடி பின்னால் நகர்வேன். பொறு, அங்கேயே இரு என்ற அர்த்தத்தில்.

பொன்னி குழம்பிவிட்டாள். "இரு" என்றால் ஏற்கெனவே உட்கார்ந்திருப்பவள் எழுந்து நின்று மறுபடி உட்காருவாள். உட்கார்ந்து என்னைப் பார்ப்பாள், கிண்ணம் எங்கே என்று. கிண்ணம் வராவிட்டால் எழுந்து வருவாள். நான் "இரு" என்று குரலை உயர்த்துவேன். அவள் மறுபடி டக்கென்று உட்காருவாள். என் கணக்கில் அவள் பொறுமையில்லாத குட்டி. அவள் கணக்கில், சொன்னதைச் செய்து செய்து காட்டுகிறாள், இந்த மனிதருக்குத்தான் போதவில்லை. உகரத்துக்கும் இகரத்துக்கும் நடுவில் ஒரு குட்டி மாட்டிக்கொண்டு தவித்ததை நான் கவனிக்கவே இல்லை. இரண்டு மாதம். நாய் நம் சொல்லைவிட நம் கையையும் தோளையும்தான் கூர்ந்து பார்க்கும். என் கையும் முகமும் அந்த இரண்டு மாதமும் அவளிடம் என்ன சொல்லியிருக்கும் என்று இப்போது நினைத்தால் நெஞ்சு கனக்கிறது.

தோப்பில் மரம் ஏற வருகிற பெரியவர் ஒருநாள் இதையெல்லாம் பார்த்துக்கொண்டே வெற்றிலையை மடித்தார். "நாலு சாத்து சாத்துங்க, தானா வழிக்கு வரும். அடி உதவற மாதிரி அண்ணன் தம்பி உதவ மாட்டான்னு சும்மாவா சொன்னாங்க?" நல்ல மனிதர். அவர் வீட்டு நாய் அவர் பின்னாலேயே வரும், அவர் சைக்கிளுக்குக் கீழே படுத்துக்கொள்ளும். நான் பதில் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பேச்சு என் காதுக்குள் இறங்கியிருக்க வேண்டும்.

கேட்டுப் பக்கம்

கார்த்திகையில் அவளுக்கு ஐந்து மாதம். பால் பல் விழுந்து புதுப் பல் முளைக்கும் காலம். ஈறு வலிக்கும் என்பதால் எதையும் எறிந்து எடுத்து வரச் சொல்லாமல், உட்காருவதும் காத்திருப்பதும் மட்டும் பழக்கிக்கொண்டிருந்தேன். அன்று சாயங்காலம் வாரைக் கழற்றிவிட்டு, திறந்த கேட்டுக்கு உள்ளே அவளை உட்கார வைத்து "இரு" சொன்னேன். அவள் அதற்குத் தயாராக இல்லை. தோப்புக்குள்ளேயே பத்து நொடி இருக்காதவளை ரோட்டோரத்தில் வைத்தேன். எதிர்ப்பக்கம் பள்ளிக்கூட வேன் வந்து நின்றது. மகள் இறங்கினாள், குட்டியைப் பார்த்த சந்தோஷத்தில் "பொன்னீ" என்று கூவினாள்.

கிளம்பும் உத்தரவு. பொன்னி கிளம்பினாள்.

வேலந்தாவளம் பக்கமிருந்து வந்த பைக் பிரேக் போட்டு, பின்சக்கரம் ஒரு பக்கம் இழுத்து, ஓட்டியவர் காலை ஊன்றி நிறுத்தினார். பொன்னி ரோட்டு நடுவில் உறைந்து நின்றாள். நான் "வா!" என்று கத்தினேன். இதை நான் பலமுறை மனதுக்குள் ஓட்டிப் பார்த்திருக்கிறேன். அந்தப் பக்கம் அவளுக்கு ரொம்பப் பிடித்த சிறுமி நிற்கிறாள். நடுவில் ஒரு வண்டி உறுமிக்கொண்டிருக்கிறது. அவளுக்கோ உடம்பெல்லாம் நடுக்கம். அப்படியிருந்தும் என் குரலைக் கேட்டுத் திரும்பி, நேராக என் காலடிக்கு வந்தாள். இத்தனை மாதத்தில் அவள் வந்த வருகைகளிலேயே அதுதான் மிகச் சரியானது. நான் வாரை மடித்து இரண்டு அடி அடித்தேன்.

பயத்தில் அடித்தேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது உண்மையும்கூட. ஆனால் பொன்னிக்கு என் பயம் தெரியாது. ரோட்டுக்கு ஓடியதற்காகத்தான் இந்த அடி என்று பின்னால் போய்ப் பொருத்திப் பார்க்க ஒரு நாயால் முடியாது. அடி விழும் நேரத்தில் என்ன செய்துகொண்டிருந்ததோ அதோடுதான் அடியை முடிச்சுப் போடும். அவள் செய்துகொண்டிருந்தது, என்னிடம் வந்தது. மனைவி அந்தக் கேள்வியைக் கேட்டது அப்போதுதான்.

மறுநாள் காலை திண்ணையிலிருந்து "வா" என்றேன். வந்தாள். இரண்டடி தள்ளி நின்றுவிட்டாள். என் முகத்தைப் பார்க்கவில்லை, வலது கையைப் பார்த்தாள்.

எனக்கு மூன்றாம் வகுப்பு ஞாபகம் வந்தது. வகுப்பிலிருந்த உலக உருண்டையைக் கை தவறிக் கீழே போட்டுவிட்டேன். யாரும் பார்க்கவில்லை. நானே ஆசிரியரிடம் போய் நான்தான் போட்டேன் என்றேன். பிரம்பு முறியும்வரை அடித்தார். அதன் பிறகு அந்தப் பள்ளியில் படித்த வருடங்களில் ஒரு தவறையும் நானாகப் போய்ச் சொன்னதில்லை. அடி உதவியது, ஒளிக்கக் கற்றுக்கொடுத்து உதவியது. அந்தப் பழமொழியை வைத்துக்கொண்டு வளர்ந்தவர்கள் நாம். அதை நம்புகிறவர்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் அது தவறு. நாய்க்கும் தவறு, பிள்ளைக்கும் தவறு. இதில் எனக்கு இனி இரண்டாம் எண்ணம் கிடையாது.

மூன்று சின்ன ஊதல்

கெட்டுப்போன சொல்லைத் திருப்பித் திருப்பிச் சொல்லி நல்லதாக்க முடியாது. "வா"வை நான் கீழே வைத்தேன். அம்மாவின் "வா சாமி" மட்டும் அப்படியே இருந்தது, அதில் என் குரல் இல்லையே. எனக்கு ஒரு விசில் வாங்கினேன். பர்மிங்காமில் செய்கிற ஆக்மி விசில், 211.5 என்று எண் பொறித்தது. கன் டாக் பழக்குகிறவர்கள் ஏன் எண் பார்த்து வாங்குகிறார்கள் என்று கையில் எடுத்த பிறகுதான் புரிந்தது. அந்த எண்ணுக்கு ஒரே சுருதிதான். தொலைந்தால் அதே எண்ணில் இன்னொன்று வாங்கினால் அதே சத்தம் வரும். நான் ஊதினாலும் மனைவி ஊதினாலும் ஒன்றேதான். அதற்குத் தமிழும் தெரியாது, மலையாளமும் தெரியாது, முக்கியமாகக் கோபப்படத் தெரியாது. நீளமாக ஒன்று ஊதினால் நின்ற இடத்தில் உட்கார வேண்டும். சின்னதாக மூன்று ஊதினால் வர வேண்டும்.

வீட்டுக்கும் மாட்டுக் கொட்டகைச் சுவருக்கும் நடுவே ஒரு நடை இருக்கிறது. இருபதடி நீளம், ஒரு ஆள் அகலம். மனைவி ஒரு முனையில் பொன்னியைப் பிடித்துக்கொள்வாள். நான் மறுமுனையில் கிண்ணத்தோடு குந்திக்கொண்டு மூன்று ஊதல் ஊதுவேன். அவள் விடுவாள். பக்கவாட்டில் போக இடமில்லை, ஓடி வந்தால் சோறு. பத்து நாள் இதை மட்டும் செய்தோம், ஒவ்வொரு வேளைக்கும். அப்புறம் முற்றத்தில். அதற்கப்புறம் தோப்பில், முப்பதடித் தாம்புக்கயிறு ஒன்றைக் கழுத்துப் பட்டையில் கட்டித் தரையில் இழுபட விட்டு. ஊதி வராவிட்டால் கயிற்றை மிதித்துக்கொள்ளலாம், துரத்தக் கூடாது. துரத்தினால் அது விளையாட்டாகிவிடும், அதில் நாம் ஜெயிக்கவே முடியாது. வருவாள் என்று நிச்சயம் இல்லாத இடத்தில் ஊதவே கூடாது. வந்ததும் பிடித்துக் கட்டிப் போட்டுவிடவும் கூடாது. கொஞ்சம் கறித்துண்டு கொடுத்து, காதைத் தடவி, மறுபடி போ என்று விட வேண்டும். பத்தில் எட்டுத் தடவை அப்படி விட்டால்தான், வருவது என்பது விளையாட்டு முடிவது இல்லை என்று அவளுக்குப் புரியும். ஐந்து நிமிஷத்துக்கு மேல் எந்தப் பாடமும் வைக்கவில்லை. வெயில் ஏறுமுன் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று.

"இரு" விவகாரம் தானாகத் தீர்ந்தது. கிறிஸ்துமஸ் லீவில் மச்சான் நெம்மாறையிலிருந்து வந்திருந்தார். அம்மா "வாங்க தம்பி, இருங்க, காப்பி கொண்டாறேன்" என்று உள்ளே போனாள். அம்மா சொன்னது கொஞ்சம் பொறுங்கள் என்று. மச்சான் காதில் அது உட்காருங்கள் என்று விழுந்தது. திண்ணையில் உட்கார்ந்தார். காப்பி வரும்வரை எழுந்திருக்கவில்லை. இரண்டு பேர் நினைத்ததும் நடந்துவிட்டது, யாருக்கும் குழப்பமில்லை. அவர் காலடியில் பொன்னியும் உட்கார்ந்திருந்தாள். பார்த்துக்கொண்டே இருந்தேன். இருக்கை என்று நாம் எதைச் சொல்கிறோம்? உட்காரும் இடத்தை. அரசன் வீற்றிருந்தான் என்றால் உட்கார்ந்திருந்தான். இரு என்ற சொல்லுக்குள் உட்காருவது எப்போதும் இருந்திருக்கிறது. நம் பக்கத்துப் பேச்சில் அதை விட்டுவிட்டோம், மலையாளம் வைத்துக்கொண்டிருக்கிறது. கன் டாக் பழக்குகிறவர்களில் பலர் உட்காருவதற்கும் காத்திருப்பதற்கும் தனித்தனிச் சொல் வைத்துக்கொள்வதே இல்லை என்று நான் முன்பே படித்திருந்தேன். உட்கார் என்றால், அடுத்த சொல் வரும்வரை உட்கார்ந்திரு என்றுதான் பொருள். அந்த மாலையிலிருந்து எங்கள் வீட்டில் இருவும் இரியும் ஒரே உத்தரவு. யார் எந்த உயிரெழுத்தில் சொன்னாலும் பொன்னி உட்கார வேண்டும், பெயர் சொல்லும்வரை உட்கார்ந்திருக்க வேண்டும். "உக்காரு"வை நான் விட்டுவிட்டேன். ஒரு வாரத்தில் அவள் முகத்திலிருந்த அந்தக் கேள்விக்குறி போய்விட்டது.

காற்றுக்கு எதிரே

தையில் பல் எல்லாம் உறுதியானதும் குரும்பைக்கு வந்தோம். முதலில் அதே நடையில், பழைய காலுறைக்குள் துணி திணித்து எறிந்தேன். எடுத்துக்கொண்டு ஓட இடமில்லாததால் என்னிடம்தான் வந்தாக வேண்டும். வந்ததும் வாயிலிருந்து பிடுங்கவில்லை. பொருளை வாயில் வைத்தபடியே இருக்கவிட்டு நெஞ்சைத் தடவினேன். அவள் கொண்டுவந்ததைப் பாராட்டாமல் உடனே பறித்தால், அடுத்த முறை தள்ளி நின்று பேரம் பேசுவாள். பத்து எறிந்தால் மூன்றைத்தான் அவள் எடுப்பாள், மீதி ஏழையும் நானே நடந்து போய் எடுத்து வருவேன். அவள் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். எறிந்ததெல்லாம் தனக்கு என்று ஆகிவிட்டால் அந்த உட்காருதல் போய்விடும். அவளுக்கு ரொம்பக் கஷ்டமான பாடம் அதுதான். தொடை நடுங்கும், தொண்டைக்குள் ஒரு சின்ன முனகல் வரும், ஆனாலும் இருப்பாள்.

மார்கழி, தையில் பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கிழக்குக் காற்று எப்படி அடிக்கும் என்று இந்தப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஓலை எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்து கிடக்கும். மூலத்தறையிலிருந்து வரும் கால்வாய்க் கரையில் நின்று கிழக்கே பார்த்துக் குரும்பையை எறிவேன். காற்றுக்கு எதிரே போகும்போது வாசனை அவள் மூக்குக்கு வந்துவிடும். காய்ந்த புல்லுக்குள் தலையைத் தாழ்த்தி இடமும் வலமுமாக அலைந்து, சட்டென்று வால் வேகம் பிடிக்கும். தேங்காய்க்குக்கூட ஆகாத அந்தப் பிஞ்சைப் பெரிய பொக்கிஷம் போலத் தூக்கிக்கொண்டு தலை நிமிர்ந்து வருவாள். மரம் ஏறும் பெரியவர் போன வாரம் மேலிருந்து இதைப் பார்த்தார். இறங்கி வந்து தானே ஒரு குரும்பையை எறிந்து, "பொன்னி" என்றார். அவள் அவருக்கும் எடுத்து வந்தாள். அவர் குனிந்து இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

மூன்று ஊதலுக்கு இப்போது தோப்பின் எந்த மூலையிலிருந்தும் வருகிறாள், நேராக முழங்கால்வரை. நேற்று விசிலை வீட்டில் மறந்துவிட்டுக் கால்வாய்க்குப் போய்விட்டேன். திரும்பும் நேரம், இருட்டிக்கொண்டு வந்தது. வேறு வழியில்லாமல் மூன்று மாதத்துக்குப் பிறகு மெதுவாக "வா" என்றேன். வந்தாள். இரண்டடி தள்ளி நின்று என் வலது கையைப் பார்த்தாள். நான் மண்ணில் உட்கார்ந்து, கையைத் தொடைமேல் மல்லாத்தி விரித்து வைத்தேன். கூப்பிடவில்லை. கொக்குகள் கூட்டம் கூட்டமாக மேற்கே போய் முடிந்தன. அவள் அரை அடி முன்னால் வந்து கையை முகர்ந்துவிட்டு, அங்கேயே உட்கார்ந்தாள்.